போலீஸ் நிறுத்தினால்: சோதனை, விசாரணை, கைது பற்றி நீதிமன்றங்கள் சொன்னவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சாலையில் கைகாட்டி நிறுத்துவது, பையைத் திறக்கச் சொல்வது, "ஸ்டேஷனுக்கு வா, சின்ன விசாரணை" என்பது, கைது செய்வது என நான்கு படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் போலீஸுக்குத் தனித்தனி சட்ட அதிகாரம் வேண்டும். முதல் படிக்கு அதிகாரம் இருப்பதாலேயே நான்காம் படிக்கும் அது வந்துவிடாது. தீர்ப்புகளைப் படிக்கும்போது இது எந்தப் படியைப் பற்றியது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மக்கள் அதிகம் சிக்குவது மூன்றாம் படியில். கைதும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் ஒருவரை உட்கார வைத்திருக்கும் இடம் அது. அதனால் அதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இங்குள்ளவை தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. பழைய தீர்ப்புகள் பழைய பிரிவு எண்களில் பேசும். 41ஏ என்றிருந்தால் இப்போது 35(3), 160 என்றிருந்தால் 179, 57 என்றிருந்தால் 58, 151 என்றிருந்தால் 170 என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தீர்ப்பு நம் ஊர் போலீஸைக் கட்டுப்படுத்தும்?

உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம், அரசியலமைப்பின் 141-ஆம் கூறின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2004 முதல் இயங்கும் மதுரை அமர்வின் தீர்ப்பு உட்பட, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் செல்லும். கேரளம், மும்பை, தெலங்கானா உயர் நீதிமன்றங்கள் சொன்னதை இங்கே எடுத்துக்காட்டலாம். ஆனால் இங்குள்ள நீதிபதி அதை ஏற்றே தீர வேண்டும் என்பதில்லை. "ஐகோர்ட் சொல்லிடுச்சு" என்று ஒரு செய்தி பரவினால், எந்த ஐகோர்ட் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, எத்தனை நீதிபதிகள் என்பதையும் பார்க்க வேண்டும். தனி நீதிபதி சொன்னதை இருவர் அமர்வு மாற்றலாம், அதை மூவர் கொண்ட முழு அமர்வு மாற்றலாம். தீர்ப்பின் கடைசிப் பத்திகளில் வரும் உத்தரவும் அதற்கு அடிப்படையான காரணமும்தான் சட்டம். நடுவில் நீதிபதி போகிற போக்கில் சொன்ன கண்டன வரிதான் பெரும்பாலும் செய்தித் தலைப்பாகும், அதற்குக் கட்டுப்படுத்தும் பலம் கிடையாது. நம்மை இங்கே கட்டுப்படுத்தாத இன்னொன்று, இணையத்தில் சுற்றும் அமெரிக்கக் காணொளிகளில் வரும் விதிகள்.

வண்டியை நிறுத்தினால் யாரிடம் எதைக் காட்ட வேண்டும்?

சீருடையில் உள்ள காவலர் கைகாட்டினால் நிறுத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவுப்படி சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ் அதிகாரி கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். இதில் முக்கியமான சொல் 'சீருடை'. சாதாரண உடையில் ஒருவர் நின்று கேட்டால், "சார், உங்க ஐ.டி. கார்டைப் பார்க்கலாமா" என்று கேட்பதில் தவறில்லை. போலீஸோடு ரோந்தில் சுற்றிய 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தன்னார்வலர்களுக்கு யாரையும் நிறுத்தவோ சோதிக்கவோ அதிகாரம் இருந்ததே இல்லை. 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு அந்த அமைப்புக்கே தடை விதித்தது.

மத்திய மோட்டார் வாகன விதி 139, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்கிறது. டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் இருக்கும் உரிமமும் ஆர்.சி.யும் செல்லும். ஆனால் நீங்களே படம் பிடித்து போனில் வைத்திருக்கும் நகலுக்கு இது பொருந்தாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

சாவியை எடுத்துக்கொண்டால்? வண்டியைப் பிடித்து வைத்தால்?

வண்டிச் சாவியைப் பிடுங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் தனி அதிகாரம் எதுவும் இல்லை. வண்டியைப் பிடித்து வைக்கும் 207-ஆம் பிரிவும் சில காரணங்களுக்கு மட்டுமே: உரிமம் இல்லாமலோ உரிய வயது வராமலோ ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாத வண்டி அல்லது பெர்மிட்டின் சில நிபந்தனைகளை மீறியது. ஹெல்மெட் அணியாதது அந்தப் பட்டியலில் இல்லை.

உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வது வேறு விஷயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஹெல்மெட், குடிபோதை, அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது போன்றவற்றில் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அந்தச் சீட்டு கையில் இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள். சீட்டு இல்லையென்றால் உரிமம் எங்கே போனது என்பதற்கும், மறுநாள் வேறொரு காவலர் கேட்டால் காட்டுவதற்கும் உங்களிடம் எதுவும் இருக்காது. அபராதத்துக்கும் இதே கதைதான், மின்-சலான் எண் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

ஊதிக் காட்டச் சொன்னால் மறுக்கலாமா?

மறுத்தால் உங்களுக்கே நட்டம். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சீருடையில் உள்ள அதிகாரி மூச்சுச் சோதனை கேட்க 203-ஆம் பிரிவு இடம் தருகிறது. வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். முதல் முறை சிக்கினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காரணமின்றி மறுத்தால் நீதிமன்றம் அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205-ஆம் பிரிவு.

நீங்கள் செய்யக்கூடியவை வேறு. ஊதும் குழல் புதியதா என்று பாருங்கள். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று கேளுங்கள். அச்சுச்சீட்டில் நேரமும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று படித்த பிறகு கையெழுத்திடுங்கள். முடிவில் சந்தேகம் என்றால் இரத்தப் பரிசோதனையை அங்கேயே வாய்விட்டுக் கேளுங்கள், மறுநாள் கேட்டுப் பயனில்லை. வண்டியைப் பொறுத்தவரை, போதையில் இருந்தார் என்பதற்காக மட்டும் பறிமுதல் செய்யாமல் குடிக்காத உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 2021-இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் கேட்டுப் பார்க்க நல்ல அடிப்படை.

சும்மா நடந்து போகும்போது நிறுத்திப் பெயர் கேட்டால் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். சட்டம் எல்லாச் சூழலிலும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் போலீஸ் கண்ணெதிரே சிறு குற்றம் செய்ததாகச் சந்தேகம் எழுந்து, நீங்கள் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தால், அதைக் கண்டறிவதற்காகவே கைது செய்ய பி.என்.எஸ்.எஸ். 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. புதிதாக வந்த 172-ஆம் பிரிவு, போலீஸின் சட்டப்படியான உத்தரவுக்கு இணங்க மறுப்பவரைத் தடுத்துவைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. பெயர், ஊர், எங்கே போகிறீர்கள் என்பதைச் சொல்வதால் எதையும் இழக்கப் போவதில்லை. அதற்கு மேல் குற்றம் சார்ந்த கேள்வி வந்தால் நிலைமை மாறுகிறது. அதைக் கீழே பார்ப்போம்.

பையையும் உடலையும் சோதிக்கலாமா?

காரணமே இல்லாமல் வழிப்போக்கர் யாரையும் தடவிச் சோதிக்கும் பொது அதிகாரம் நம் சட்டத்தில் இல்லை. கைது செய்த பிறகு சோதிக்கலாம் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 49), அப்போது எடுத்த பொருட்களுக்கு ரசீது தர வேண்டும். போதைப்பொருள், மதுவிலக்கு, ஆயுதம் போன்றவற்றின் தனிச் சட்டங்கள் அவற்றுக்கான சோதனை அதிகாரத்தைத் தருகின்றன.

போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவை ஒட்டித்தான் அதிகமான தீர்ப்புகள் இருக்கின்றன. உங்கள் உடலைச் சோதிப்பதற்கு முன், "மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்லியே ஆக வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010-இல் ஜடேஜா வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் உறுதியாகச் சொன்னன. ஆனால் இந்தப் பாதுகாப்பு உடலுக்கு மட்டும்தான். தோளில் மாட்டிய பையும் வண்டியின் டிக்கியும் இதில் சேராது. பையில் கிடைத்ததை வைத்துப் போலீஸ் போட்ட வழக்கில், 50-ஆம் பிரிவைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் வாதாடித் தோற்றவை நிறைய.

இன்னொரு கசப்பான உண்மை: சோதனை சட்டவிரோதமாக நடந்தது என்பதற்காக மட்டுமே கிடைத்த பொருளை ஆதாரமாக ஏற்க மறுக்க முடியாது என்று 1973 டிசம்பரில் பூரண்மால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சோதனை நடக்கும் நேரத்திலேயே அது எப்படி நடந்தது என்ற பதிவு இருப்பது முக்கியம். பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு இதில் உங்களுக்குத் துணை. சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் எழுதுதல், சாட்சிகள் கையெழுத்திடுதல் வரை ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "சார், ரெக்கார்ட் ஆகுதா?" என்று அமைதியாகக் கேளுங்கள்.

போனை வாங்கி வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கலாமா?

குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் போனைக் கைப்பற்ற பி.என்.எஸ்.எஸ். 106-ஆம் பிரிவு உண்டு. ஆனால் கைப்பற்றினால் மகஜர் (எதை எங்கே எடுத்தார்கள் என்ற எழுத்துப் பதிவு) எழுத வேண்டும், நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரோட்டில் நிறுத்தி, எந்த வழக்கும் இல்லாமல், போனைத் திறந்து படங்களைப் புரட்டுவதற்கு எந்தப் பிரிவும் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு, அதில் தலையிடச் சட்டம் ஒன்று காட்டியாக வேண்டும். "எந்த வழக்கில் சார் கேக்குறீங்க? சீஷர் மகஜர் கொடுத்தா போனைத் தர்றேன்" என்பது மரியாதையான, சரியான பதில். கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை.

போலீஸை வீடியோ எடுத்தால் குற்றமா?

பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பதைத் தடைசெய்யும் தனிச் சட்டம் இல்லை. காவல் நிலையம்கூட அலுவலக ரகசியச் சட்டத்தில் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று 2022-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. சிக்கல் வருவது எடுக்கும் விதத்தில்தான். முகத்துக்கு நேரே போனை நீட்டி வழியை மறித்தால், பணிக்கு இடையூறு என்று பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 221-ஐப் போடுவார்கள். கை பட்டுவிட்டால் 132 வரை போகும். நாலடி தள்ளி நில்லுங்கள், பேசாமல் எடுங்கள், எடுத்ததை உடனே வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வா" என்று ஏட்டு போனில் சொல்கிறார். போக வேண்டுமா?

போவதற்கு முன் எந்த நிலையில் அழைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சியாக அழைப்பதானால் 179-ஆம் பிரிவின்கீழ் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். அதுவும் அந்த நிலைய எல்லைக்குள்ளோ பக்கத்து நிலைய எல்லைக்குள்ளோ இருப்பவரைத்தான் அழைக்கலாம். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் மட்டும் நிலையத்துக்கு வரலாம்.

குற்றம் சாட்டப்பட்டவராக அழைப்பதானால், கைது செய்யாமல் நேரில் வரச் சொல்லும் 35(3) அறிவிப்பு வர வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்தது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, ஏன் கைது அவசியம் என்று எழுத்தில் காரணம் வேண்டும், அவசியமில்லையென்றால் வழக்குப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். இந்த அறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். போய் நின்றால் கைதிலிருந்து பாதுகாப்பு, போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணம்.

மூன்றாவது வகைதான் தமிழ்நாட்டில் அதிகம். யாரோ கொடுத்த மனுவின் மேல் சி.எஸ்.ஆர். (வழக்குப் பதியாமல் மனுவை ஏற்றதற்கான பதிவு) போட்டு, வழக்குப் பதியாமல், கடன் தகராறு, நில வரப்பு, குடும்பச் சண்டை என்று அழைத்து மணிக்கணக்கில் உட்கார வைப்பது. இதை எதிர்த்து 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்கள் ஏராளம். அவற்றில் நீதிமன்றம் வழக்கமாகத் தரும் உத்தரவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தேதியும் நேரமும் குறிப்பிட்ட எழுத்துபூர்வ சம்மன் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும், விசாரணையில் நடந்ததை நிலையப் பொது நாட்குறிப்பில் எழுத வேண்டும், விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது, 2013-இன் லலிதா குமாரி தீர்ப்பைப் பின்பற்ற வேண்டும். அந்தத் தீர்ப்பு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்கிறது. குற்றம் தெரியாவிட்டால் புகாரை முடித்துவைக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்துப் பேசக் கூடாது என்பதே இதன் பொருள். பணத்தை வசூலித்துத் தருவது போலீஸ் வேலை அல்ல.

ஏட்டிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்: "வர்றேன் ஐயா. சி.எஸ்.ஆர். நம்பரோட ஒரு சம்மன் எழுதிக் கொடுங்க." அதன் பிறகும் போய்ப் பேசிவிடுவதே நல்லது என்று தோன்றினால் தனியாகப் போகாதீர்கள். உள்ளே போகும் நேரத்தையும் அழைத்தவர் பெயரையும் வீட்டுக்குச் செய்தியாக அனுப்பிவிட்டுப் போங்கள். வெளியே வந்ததும் இன்னொரு செய்தி அனுப்புங்கள். பின்னால் நேரம் பற்றித் தகராறு வந்தால் அந்த இரண்டு செய்திகளும் சாட்சி.

வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பு செல்லுமா?

செல்லாது. 35(3) அறிவிப்பை வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழியில் கொடுக்கக் கூடாது, சட்டம் சொன்ன முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடியோ அழைப்பில் சீருடையோடு தோன்றி 'டிஜிட்டல் கைது' என்பவர் போலீஸே அல்ல, அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930-ஐ அழையுங்கள்.

வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், கேட்டால் "கைது இல்லை, விசாரணைதான்" என்கிறார்கள். இது சட்டப்படி என்ன?

இந்தக் கேள்வியில் நீதிமன்றங்களே நீண்ட காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. ரோஷன் பீவி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, காவலில் இருப்பதும் கைதும் ஒன்றல்ல, சுங்க அதிகாரி விசாரணைக்கு அழைத்துச் செல்வதாலேயே அது கைதாகிவிடாது என்று சொன்னது. 1994-இல் தீபக் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் மற்ற சில பகுதிகளை ஏற்கவில்லை. ஆனால் எல்லாக் கைதிலும் காவல் உண்டு, எல்லாக் காவலும் கைதல்ல என்ற வேறுபாட்டை அதுவும் ஏற்றது. இன்னொரு பக்கம் மும்பை உயர் நீதிமன்றம், ஒருவரின் நடமாட்டத்தைத் தடுத்த அந்த நொடியே கைது தொடங்கிவிடுகிறது, அதிகாரி காகிதத்தில் எழுதும் நேரம் பொருட்டல்ல என்றது. தெலங்கானா உயர் நீதிமன்றமும் 24 மணிக் கணக்கைப் பிடித்த நேரத்திலிருந்தே எண்ண வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

மக்களுக்கு நியாயம் செய்வது பிந்திய பார்வைதான் என்பது எங்கள் கருத்து. எழுந்து போகட்டுமா என்று கேட்டால் போக விட மாட்டார்கள் என்றால், பெயர் என்ன வைத்தாலும் அது தடுத்துவைப்புதான். எனவே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "சார், நான் வீட்டுக்குப் போகலாமா?" போகலாம் என்றால் போய்விடுங்கள். கூடாது என்றால், "அப்படின்னா என்னைக் கைது பண்ணியிருக்கீங்களா, எந்த வழக்கு?" என்பது அடுத்த கேள்வி. இந்தப் பதில்களையும் நேரத்தையும்தான் பின்னால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லப் போகிறீர்கள்.

வெளியே இருக்கும் குடும்பம் கூட்டிப்போன நேரம், இடம், வண்டி எண், பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் (நகரமானால் ஆணையருக்கும்) அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும் உடனே மின்னஞ்சலும் விரைவு அஞ்சலும் அனுப்ப வேண்டும். முன்பு தந்தி செய்த வேலை இது. தந்தி 2013-இல் நின்றுபோனதால் நேரம் பதிவாகும் மின்னஞ்சல்தான் வழி. 24 மணி நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்டு, அரசியலமைப்பின் 226-ஆம் கூறின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அதற்கு முதல் ஆவணமே அந்த மின்னஞ்சல்தான்.

முறையாகக் கைது செய்தால் என்னவெல்லாம் தர வேண்டும்?

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 11 கட்டளைகள் இன்றும் அடித்தளம். கைது செய்பவர் பெயரும் பதவியும் தெரியும் பட்டை அணிந்திருக்க வேண்டும். தேதியும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், குடும்பத்தவரோ அந்தப் பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். உடலில் உள்ள காயங்களை எழுதி அதன் நகலைத் தர வேண்டும். காவலில் 48 மணிக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும்.

சமீபத்தில் வலுப்பட்டது, கைதின் காரணம். 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், காரணம் தெரிவிக்கப்படாவிட்டால் கைதே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும் என்றது. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் நீட்டினால் போதாது.

60 வயதைத் தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் கைது செய்ய டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்டவரின் முன் அனுமதி வேண்டும் (35(7)). இது புதிய விதி என்பதால் நிலையங்களில் இன்னும் மறந்துபோகிறார்கள், நினைவூட்டுங்கள்.

பெண்களை இரவில் கைது செய்யவே முடியாதா?

சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது, விதிவிலக்கான சூழலில் மட்டும் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம் என்பது பிரிவு 43. ஆனால் இதை மீறினாலே கைது செல்லாததாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2025 பிப்ரவரியில் மதுரை அமர்வின் இரு நீதிபதிகள், இந்த விதி கட்டாயத்தன்மை கொண்டதல்ல, வழிகாட்டும் விதி என்றும், மீறிய அதிகாரி ஏன் மீறினார் என்பதற்கு உரிய விளக்கம் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். உடல் சோதனையில் மட்டும் விட்டுக்கொடுப்பே இல்லை. அதை ஒரு பெண்தான், கண்ணியம் காத்துச் செய்ய வேண்டும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் "கல்யாணம் ஆகிடுச்சா?" என்று கேட்கிறார்கள்...

திருமணமாகாத இரு வயதுவந்தோர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சொன்னது. தன்பாலின இணையர்களைப் பொறுத்தவரை, 2021 ஜூன் 7 உத்தரவில், பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தாலும், இருவரும் வயதுவந்து விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிக்க வேண்டும், தொந்தரவு கூடாது என்றது. அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே இது சேர்க்கப்பட்டது.

பதில் சொல்லாமல் இருக்கலாமா? காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால்?

உங்களையே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்க அரசியலமைப்பின் 20(3)-ஆம் கூறு உரிமை தருகிறது. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கு அந்த உரிமையைக் காவல் நிலைய விசாரணைக்கும் கொண்டுவந்தது. 2010-இல் செல்வி வழக்கில், சம்மதமின்றி நார்கோ (மருந்து செலுத்தி விசாரிப்பது), உண்மை கண்டறியும் சோதனை, மூளைப் பதிவு ஆகியவை கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்திடத் தேவையில்லை, வாங்கவும் கூடாது (பி.என்.எஸ்.எஸ். 181). ஆனால் கைதுக் குறிப்பாணை, மகஜர் நகல் பெற்றதற்கான ஒப்புகை ஆகியவற்றில் கையெழுத்துக் கேட்பது முறைதான். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி படித்துப் பார்ப்பது. கையெழுத்தின் பக்கத்தில் தேதியும் நேரமும் நீங்களே எழுதுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். வற்புறுத்தலில் போட நேர்ந்திருந்தால் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கும் முதல் நிமிடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மாஜிஸ்திரேட் முன் என்ன சொல்ல வேண்டும்?

பயண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் அங்கே நிறுத்த வேண்டும். பலர் இந்த இடத்தில் பயத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள், அதுவே பேரிழப்பு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் மருத்துவச் சான்று, ரிமாண்ட் என எல்லாப் படிகளையும் கடந்துதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். மதுரை அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இடையில் இருந்த ஒவ்வொரு படியும் அவர்கள் உடலைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், யார் அடித்தார்கள், எங்கே வலிக்கிறது. சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். காயத்தை எழுதும்படி, மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மருத்துவரிடமும் போலீஸ் பக்கத்தில் நிற்காமல் பேச வேண்டும் என்று கேளுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் "இலவச வக்கீல் வேணும்" என்றாலே போதும். சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணில் குடும்பத்தாரும் கேட்கலாம்.

107, 110 என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்களே?

அவை பழைய எண்கள், இப்போது 126, 129. அமைதி காப்பேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது. தமிழ்நாட்டில் இந்த நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே அரசாணை மூலம் கொடுத்திருந்தார்கள். பிடிப்பவரே தீர்ப்பும் சொல்வது அரசியலமைப்புக்குப் புறம்பானது என்று 2023 மார்ச் 13 அன்று சென்னை உயர் நீதிமன்ற இருவர் அமர்வு அந்த அரசாணைகளை ரத்து செய்தது. உங்களிடம் இந்தப் பத்திரம் கேட்டால், உத்தரவிட்டவரின் பதவியைப் பாருங்கள்.

நிலையத்தில் அடித்தார்கள். ஆதாரம் எப்படிச் சேர்ப்பது, எங்கே புகார் செய்வது?

நாட்களை எண்ணத் தொடங்குங்கள். 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும், லாக்கப், வராந்தா, வரவேற்பு, அதிகாரிகள் அறை உட்பட, கேமரா வேண்டும் என்றும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. நடைமுறையில் கேமரா ஓடவில்லை என்ற பதில்தான் அதிகம் வருகிறது. அதனால் முதல் வாரத்திலேயே, தேதியும் மணியும் குறிப்பிட்டு, "இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்று கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகு பதிவு காணாமல் போனால், அது அவர்களுக்கே பாதகமாகும்.

அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் 'போலீஸ் அடித்ததாகச் சொல்கிறார்' என்று எழுத வையுங்கள். கீழே விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் அதை மாற்றுவது மிகக் கடினம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆணையத்தின் பரிந்துரை வெறும் காகிதம் என்று அரசு சொல்லிவந்ததற்கு 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு முற்றுப்புள்ளி வைத்தது: அது அரசைக் கட்டுப்படுத்தும். குற்ற வழக்குப் பதியக் கேட்டும் நிலையம் மறுத்தால் புகாரைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன்கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய அஞ்சல் ரசீதை இணைக்காமல் போன மனுக்கள்தான் முதல் நாளிலேயே திரும்பிவருகின்றன.